140 கிலோ உடலுக்கு எந்த மயக்க மருந்து?

எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்கள் முதல் நாள் மாலை என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "டாக்டர், என் எடைக்கு மயக்க மருந்து நிறைய வேண்டியிருக்குமா? கொழுப்பிலே தங்கிவிட்டால் எழுந்திருப்பேனா?" நியாயமான பயம். மயக்கவியல் மருத்துவர்களும் பல ஆண்டுகளாக இதைத்தான் விவாதித்துக்கொண்டிருக்கிறோம். களத்தில் இருப்பவை மூன்று: செவோஃப்ளூரேன், டெஸ்ஃப்ளூரேன் என்ற இரண்டு வாயுக்கள், பம்ப் மூலம் ரத்தநாளத்தில் ஏற்றும் புரோபோஃபால்.

விழிப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? கடும் உடற்பருமன் உள்ளவர் மல்லாந்து படுத்ததும் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. நுரையீரலில் காற்றின் இருப்பு சுருங்கிவிடுகிறது. ஆக்சிஜனை நிரப்பிவிட்டு மூச்சை நிறுத்தினால் சராசரி எடையுள்ளவர் ஆறிலிருந்து எட்டு நிமிடம் தாங்குவார். இவர் மூன்று நிமிடம் தாங்கினால் பெரிது. பலருக்கு உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயும் இருக்கும். மயக்கத்துக்கு வேண்டிய அளவில் பத்தில் ஒரு பங்கு வாயு மிஞ்சியிருந்தாலும், ஆக்சிஜன் குறையும்போது வேகமாக மூச்சு வாங்கும் உடலின் எச்சரிக்கை மழுங்கிப்போகும். தொண்டையில் செருகிய சுவாசக் குழாயை எடுத்தபின் வரும் முதல் அரை மணி நேரத்தைப் பற்றித்தான் எனக்கு எப்போதும் கவலை.

டெஸ்ஃப்ளூரேனின் செல்வாக்கு இங்கேதான் பிறந்தது. ரத்தத்திலும் கொழுப்பிலும் குறைவாகக் கரையும் வாயு சீக்கிரம் வெளியேறும், நோயாளியும் சீக்கிரம் விழிப்பார். ரத்தத்தில் அதன் கரைதிறன் சுமார் 0.45, செவோஃப்ளூரேனுக்கு 0.65. கொழுப்பில் ரத்தத்தைப் போல டெஸ்ஃப்ளூரேன் 27 மடங்கும், செவோஃப்ளூரேன் ஏறத்தாழ 48 மடங்கும் கரையும். இந்த எண்களை மட்டும் பார்த்தால் பருமனான உடலுக்கு டெஸ்ஃப்ளூரேன்தான் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். நானும் படிப்பை முடித்த புதிதில் அப்படித்தான் நம்பினேன்.

அந்தக் கணக்கில் ரத்த ஓட்டம் விடுபட்டுவிடுகிறது. இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் கொழுப்புக்குப் போவது ஏறக்குறைய 5 சதவீதம்தான். பெரிய தொட்டிதான், ஆனால் நிரப்பும் குழாய் மெல்லியது. ஒன்றரை மணி நேர லேப்ராஸ்கோப்பி அறுவையில் அந்தத் தொட்டியின் அடிகூட நனைவதில்லை. இரு வாயுக்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் டெஸ்ஃப்ளூரேன் முந்தியபோதும் பெரும்பாலும் சில நிமிடங்களே முந்தியது. ஐந்து, ஆறு மணி நேரம் நீளும் அறுவையில் அந்த இடைவெளி பொருட்படுத்தத் தக்கதாக வளரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்தச் சில நிமிடங்களுக்கு விலையும் உண்டு. டெஸ்ஃப்ளூரேன் மூச்சுப்பாதையை உறுத்தும்; அளவைச் சட்டென்று ஏற்றினால் இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். புட்டியில் திரவமாக இருக்கும் அது அறை வெப்பத்திலேயே கொதிக்கும் என்பதால், அதை வாயுவாக்கும் நீல நிற ஆவியாக்கியை மின்சாரத்தில் சூடாக்கி வைத்திருக்க வேண்டும். வெளியேறும் வாயு, நூறாண்டுக் கணக்கில், கார்பன் டை ஆக்சைடைவிட 2,500 மடங்கு புவியைச் சூடாக்குகிறது. செவோஃப்ளூரேனுக்கு அது இருநூறு மடங்குக்கும் கீழே. ஸ்காட்லாந்து 2023இல் டெஸ்ஃப்ளூரேனைக் கைவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 ஜனவரி முதல், மருத்துவக் காரணத்தால் வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான் அனுமதி.

இனி புரோபோஃபால். பால் போல வெள்ளையான மருந்து. அதன் பெரிய பலம், விழித்தபின் வாந்தி குறைவு. இரைப்பையை வெட்டி ஸ்டேப்ளரால் தைத்த ஒருவர் அன்றிரவே ஓங்கரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஆனால் எந்த எடையைக் கொண்டு அளவைக் கணக்கிடுவது? சில பம்புகள் பயன்படுத்தும் ஷ்னைடர் கணக்கீடு, கொழுப்பு நீங்கிய எடையை ஒரு பழைய சூத்திரத்தால் கண்டுபிடிக்கிறது. 160 செ.மீ. உயரமுள்ள 95 கிலோ பெண்ணுக்கு அது தரும் விடை 49 கிலோவுக்குச் சற்று மேல். அதே பெண் 140 கிலோ என்றால் விடை 36 கிலோ! எடை ஏற ஏறத் தசையும் எலும்பும் கரைந்துபோகிறதாம். கொழுப்பு நீங்கிய எடை குறையக் குறைய உடல் மருந்தை வேகமாக வெளியேற்றும் என்று அந்தக் கணக்கீடு கருதுவதால், இந்தத் தவறான எண்ணை நம்பும் பம்ப் தேவைக்கு மேல் மருந்தை ஏற்றிவிடும். 2018இல் வந்த எலிவெல்ட் கணக்கீடு பருமனானவர்களையும் சேர்த்து உருவாக்கப்பட்டது. எல்லாப் பம்பிலும் அது இல்லை.

வாயுவுக்கு எடை தெரிய வேண்டியதே இல்லை, நோயாளிகளிடம் நான் முதலில் சொல்வதும் இதைத்தான். நாற்பது வயதுக்காரருக்கு செவோஃப்ளூரேன் மூச்சில் சுமார் 2 சதவீதம் என்றால், 50 கிலோவுக்கும் 150 கிலோவுக்கும் அதுவே. உள்ளே எவ்வளவு போகிறது, வெளியே எவ்வளவு வருகிறது என்பதை ஒவ்வொரு மூச்சிலும் திரையில் பார்க்கலாம். புரோபோஃபால் ஏறும் ஊசி போர்வைக்கு அடியில் நழுவினால் திரை எதுவும் சொல்லாது. அறுவையின் நடுவே நினைவு திரும்புவதைப் பற்றி 2014இல் பிரிட்டனில் வெளியான தேசியத் தணிக்கை, உடற்பருமனையும் ஆபத்துக் காரணிகளில் ஒன்றாகச் சேர்த்தது. ஆகவே புரோபோஃபாலை மட்டும் நம்பும் நாளில் நெற்றியில் மூளை அலைக் கருவியை ஒட்டாமல் நான் தொடங்குவதில்லை.

நைட்ரஸ் ஆக்சைடை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. குடலை ஊதவைக்கும், வாந்தியைக் கூட்டும், ஆக்சிஜனின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

பெரும்பாலோருக்கு என் தேர்வு செவோஃப்ளூரேன், நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் குறைவான வாயு ஓட்டத்தில், இரண்டு வாந்தித் தடுப்பு மருந்துகளோடு. முந்தைய அறுவையில் வாந்தியால் அவதிப்பட்டவருக்குப் புரோபோஃபால். தோலைத் தைக்கத் தொடங்கும்போது மஞ்சள் ஆவியாக்கியை மூடுவேன். தசைகளைத் தளர்த்தக் கொடுத்த மருந்தின் பிடி விலகிவிட்டதா என்று பார்க்கக் கையில் கொடுக்கும் நான்கு மின்தூண்டல்களில், நான்காவதற்குக் கட்டைவிரல் முதல் துடிப்பின் பத்தில் ஒன்பது பங்காவது துடிக்கும்வரை காத்திருப்பேன். பிறகு தலைப்பக்கத்தை உயர்த்தி உட்காரவைத்து, "கண்ணைத் திறங்கள், அம்மா" என்பேன். அவர் என்னைப் பார்த்து, சொன்னபடி கையை அழுத்தினால்தான் குழாய் வெளியே வரும். வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்ன உறக்க மூச்சுக் கருவி, அதற்குள் கட்டிலருகே தயாராக இருக்கும்.