ஒரு கழுத்தணி, இரண்டு கணக்குகள்: எல்ஃபுகளும் ட்வார்ஃபுகளும்

மிகுபுனைவுக் கதைகளில் வரும் எல்ஃபுகள் என்ற மூப்பறியாத இனத்தையும் ட்வார்ஃபுகள் என்ற குள்ளர் இனத்தையும் ஒப்பிட முற்படுகிறவர்கள் பெரும்பாலும் காடும் சுரங்கமும், வில்லும் கோடரியும், பாட்டும் பொன்னும் என்று எதிரெதிராகப் பட்டியலிட்டு முடித்துவிடுகிறார்கள். வேறுபாடுகளைச் சொல்லும் அந்தப் பட்டியல் பகைக்குக் காரணம் சொல்வதில்லை. இரு இனத்தாரும் கைவினையில் தேர்ந்தவர்கள். பழைய இழப்பை எளிதில் மறக்காதவர்கள். மனிதர்கள் பெருகப் பெருகத் தேய்ந்து போகிறவர்கள். ஒரே தெருவில் ஒரே தொழில் செய்யும் இரண்டு குடும்பங்களுக்கு இடையே மூளும் சண்டைக்கு உரிய கசப்பு இதில் இருக்கிறது. செய்த பொருளின் மீது செய்தவருக்கு என்ன உரிமை, செய்வித்தவருக்கு என்ன உரிமை என்ற கேள்விதான் இந்தப் பகையின் வேர் என்பது என் துணிபு.

வட ஐரோப்பியத் தொன்மங்களில் இப்படியொரு பகை கிடையாது. 1220ஆம் ஆண்டை ஒட்டி ஐஸ்லாந்தில் ஸ்னோரி என்ற அறிஞர் தொகுத்த எட்டா என்னும் தொன்ம நூலில் ட்வார்ஃபுகள் தெய்வங்களுக்கு ஆயுதங்களும் அணிகளும் செய்து தருகிறார்கள். கறுப்பு எல்ஃபுகளின் உலகத்திலேயே அவர்கள் வாழ்வதாகவும் வருவதால், இரு இனங்களுக்கும் இடையிலான எல்லைகூட அங்கே தெளிவாக இல்லை. பகைக்கு இன்று நாம் அறியும் வடிவத்தைத் தந்தவர் ஆங்கில எழுத்தாளர் டோல்கீன்.

அவரிடமும் அது ஒரே கதையாக இல்லை. 1937இல் வெளிவந்த ‘தி ஹாபிட்’ நாவலில் இரு தரப்பு வழக்கும் சில வரிகளில் அடுத்தடுத்துச் சொல்லப்படுகிறது: ட்வார்ஃபுகள் தங்கள் செல்வத்தைத் திருடினார்கள் என்கிறார்கள் எல்ஃபுகள், எல்ஃப் அரசன் தன் பொன்னையும் வெள்ளியையும் அணிகளாக்கித் தரும்படி கொடுத்து வேலை வாங்கிவிட்டுக் கூலி தர மறுத்ததால், தங்களுக்குச் சேர வேண்டியதையே எடுத்துக்கொண்டதாகச் சொல்கிறார்கள் ட்வார்ஃபுகள். டோல்கீன் மறைந்த பின் 1977இல் வெளியான ‘தி சில்மரிலியன்’ இதை விரிவாகச் சொல்கிறது. ட்வார்ஃபுகளின் முன்னோர் ஃபின்ராட் என்ற எல்ஃப் அரசனுக்காகச் செய்த நௌக்லமீர் என்னும் கழுத்தணி, அவன் இறந்த பின் திங்கோல் என்ற வேறோர் எல்ஃப் அரசனின் கைக்கு வருகிறது. அதில் சில்மரில் என்ற ஒளிவீசும் அரிய மணியைப் பதிக்கும்படி நோக்ராட் நகரத்து ட்வார்ஃபுகளிடம் அவன் ஒப்படைக்கிறான். வேலை முடிந்ததும், எங்கள் முன்னோர் செய்த அணிக்கு நீ எந்த முறையில் உரிமை கொண்டாடுகிறாய் என்று அவர்கள் கேட்கிறார்கள். திங்கோல் அவர்களுடைய இனத்தையே இழிவாகப் பேசி, கூலியின்றி வெளியேறச் சொல்கிறான், அங்கேயே கொல்லப்படுகிறான்.

கொலைக்கு நியாயம் கற்பிக்க முடியாது. அந்த ட்வார்ஃபுகள் சில்மரில் மணியின் மேல் ஆசை கொண்டிருந்தார்கள் என்று நூலே சொல்கிறது. ஆனாலும் அவர்கள் எழுப்பிய கேள்விக்கு நூலில் எங்கும் விடை இல்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். மேலும் சில செய்திகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திங்கோலின் மெனெக்ராத் என்னும் நிலத்தடி அரண்மனையைக் குடைந்ததே பெலகோஸ்ட் நகரத்து ட்வார்ஃபுகளின் துணையோடுதான். நோக்ராட் பழிவாங்கக் கிளம்பியபோது பெலகோஸ்ட் உதவ மறுத்து, தடுக்கவும் முயன்றது. ஆகவே பழியை இனம் முழுவதன் மேலும் போடுவது எல்ஃபுகள் தங்களுக்குச் சாதகமாக எழுதிக்கொண்ட கணக்கு. இந்த அத்தியாயத்துக்கு டோல்கீன் இறுதி வடிவம் எதையும் விட்டுச் செல்லவில்லை என்பதும், பழைய குறிப்புகளைக் கொண்டு அதைக் கட்டமைத்தவர் அவருடைய மகன் கிறிஸ்டோபர் என்பதும் இந்த வழக்கில் புறக்கணிக்கக்கூடியவை அல்ல.

நினைவைப் பேணும் முறையிலும் இரு இனங்களும் வேறுபடுகின்றன. மூப்பில்லாத எல்ஃபுக்குப் பழைய பகை நேரில் கண்ட காட்சி. ஏறத்தாழ 250 ஆண்டுகள் வாழும் ட்வார்ஃபுக்கு அது பாட்டனார் வழி வந்த கடன். முன்னது ஆறாத புண், பின்னது வட்டி ஏறும் பத்திரம் என்பதால் இரண்டில் எது கொடிது என்று தீர்ப்பது கடினம்.

பகை தீரும் இடங்களில் டோல்கீன் இன்னும் நுட்பமாக எழுதுகிறார். மோரியா என்ற ட்வார்ஃபுகளின் நிலத்தடி நகரத்தின் மேற்கு வாயிலை ட்வார்ஃபான நார்வியும் எல்ஃபான கெலெப்ரிம்போரும் சேர்ந்தே செய்தார்கள். அது யாருக்குச் சொந்தம் என்ற சண்டை எழவே இல்லை. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலில் லோத்லோரியன் என்ற எல்ஃபுகளின் காட்டில் நடக்கும் காட்சி எனக்கு இவை எல்லாவற்றிலும் உயர்ந்ததாகப் படுகிறது. கிம்லி என்ற ட்வார்ஃபை உள்ளே விட்டதற்காக அந்தக் காட்டின் தலைவர் கெலபார்ன் வருந்திப் பேச, அவருடைய மனைவி கலாட்ரியேல் அவரைத் திருத்திவிட்டு, கிம்லியின் மூதாதையர் நிலத்து ஏரியையும் ஊற்றையும் மாளிகையையும் ட்வார்ஃப் மொழிப் பெயர்களாலேயே குறிப்பிடுகிறாள். பகைவரின் உள்ளத்தில் அன்பைக் கண்ட கிம்லி, விடைபெறும்போது பொன்னையோ மணியையோ கேட்கவில்லை; அவளுடைய கூந்தலில் ஓர் இழையை மட்டும் கேட்கிறான், மூன்று இழைகள் பெறுகிறான். எல்ஃபுகளின் தலைசிறந்த கைவினைஞனான ஃபியநோர் மூன்று முறை கேட்டும் மறுக்கப்பட்ட பொருள் அது. ட்வார்ஃபுகள் பேராசைக்காரர்கள் என்ற குற்றச்சாட்டுக்கு டோல்கீன் எழுதிய முழுமையான மறுமொழி இதுவே.

வார்ஹாமர் விளையாட்டு உலகம் இதே பகையை எடுத்துக்கொண்டு மறுதிசையில் போகிறது. எல்ஃபுகளிடமிருந்து பிரிந்து அவர்களுக்குப் பகையான இருண்ட எல்ஃபுகள், மாறுவேடத்தில் ட்வார்ஃப் வணிகர்களைத் தாக்க, ட்வார்ஃபுகள் இழப்பீடு கேட்டுத் தூதனுப்புகிறார்கள். இரண்டாம் காலெடோர் என்ற எல்ஃப் அரசன் தூதரின் தாடியை மழித்துத் திருப்பி அனுப்புகிறான். எல்ஃபுகள் அதைத் தாடிப் போர் என்றும், ட்வார்ஃபுகள் பழிதீர்க்கும் போர் என்றும் அழைப்பதிலேயே யாருக்கு எது வலித்தது என்பது தெரிந்துவிடுகிறது. அரசன் கொல்லப்பட்டு, அவனுடைய மணிமுடி ட்வார்ஃபுகளிடமே தங்கிவிடுகிறது. வன்மங்களைப் பேரேட்டில் எழுதிக் காக்கும் இனமாக ட்வார்ஃபுகளை வகுத்தது அருமையான கற்பனைதான். ஆனால் பேரேட்டைக் கிழிக்கும் மனம் படைத்த ஒரு கிம்லிக்கு அங்கே இடம் குறைவு. போர்க்கள விளையாட்டுக்குப் பகை தீராமல் இருப்பதே வசதி.

போலந்து எழுத்தாளர் சப்கோவ்ஸ்கியின் ‘விட்சர்’ வரிசையில் இருவரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். மனிதர்களின் ஆட்சியில் ஒடுக்கப்பட்ட எல்ஃபுகளும் ட்வார்ஃபுகளும் ஸ்கொயாடேல் என்ற கிளர்ச்சிப் படையில் சேர்ந்து போரிடுகிறார்கள். அரசியல் நோக்கில் மூன்றில் இதுவே கூர்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. இருந்தும், பொது எதிரி வந்தவுடன் கழுத்தணி வழக்கு பேச்சிலிருந்தே மறைந்துவிடுகிறது என்பதால், செய்தவரின் உரிமை குறித்துச் சிந்திக்க விரும்பும் வாசகருக்கு நான் முதலில் ‘தி ஹாபிட்’ நாவலின் அந்தச் சில வரிகளையும், அதன் பிறகு ‘தி சில்மரிலியன்’ சொல்லும், திங்கோலின் நாடான தோரியாத்தின் அழிவையும் அந்த வரிசையிலேயே படிக்கப் பரிந்துரைப்பேன். ட்வார்ஃபுகளின் வாக்குமூலத்தைக் கேட்ட பிறகு எல்ஃபுகளின் தீர்ப்பைப் படித்தால், அதில் விடுபட்டவை கண்ணில் படும்.