சொக்சோ முகப்பில் பென்சில் கோடு போட்ட கடிதம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பிறையில் நான் 11 ஆண்டுகள் வேலை செய்த தொழிற்சாலையில், மிகைநேரச் சம்பளத் தகராறு முற்றி 9 நாள் வேலை நிறுத்தம் செய்தோம். மூன்றாம் நாளே தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் அலுவலகத்துக்குப் போய், வேலைக் காப்புறுதித் திட்டத்தில் உதவி கிடைக்குமா என்று கேட்டேன்.

"வேலை நிறுத்தத்தில் இருந்தாலும் நீங்கள் இன்னும் அவர்களின் தொழிலாளிதான் அக்கா. வேலை போனால்தான் இதில் பணம்," என்றார் முகப்பிலிருந்த பெண். சட்டம் அப்படித்தான். எனக்கு மனம் ஆறவில்லை. சங்கம் அரிசியும் பால்மாவும் கொடுத்தது. என் வளையல் அடகுக் கடைக்குப் போனது. 2018 ஜனவரியிலிருந்து மாதந்தோறும் இந்தத் திட்டத்துக்காக என் சம்பளத்தில் பிடித்த பணத்தில், அந்த நாட்களுக்கு ஒரு காசும் இல்லை.

ஆனால் அந்தப் பெண்ணால்தான் பிறகு பிழைத்தேன். வேலை நிறுத்தம் முடிந்ததும் எங்கள் பிரிவை மூடப்போவதாகச் சொல்லி, தட்டச்சு செய்த ஒரு கடிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். நான் கையெழுத்திடாமல் அதை அவரிடமே கொண்டுபோனேன். "சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்" என்ற வரியின் கீழ் பென்சிலால் மெல்லக் கோடு போட்டார். "இதில் கையெழுத்திட்டால் ஒன்றும் கிடைக்காது. ஆட்குறைப்பு என்று எழுதிக் கேளுங்கள்," என்றார். சங்கச் செயலாளரோடு போய் மறுத்தோம். 12 நாள் கழித்துச் சரியான கடிதம் வந்தது.

இந்தத் திட்டத்தின் உதவிக்கு, வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நியாயமற்ற பணிநீக்கம் என்று தொழிலுறவு இலாகாவில் புகார் செய்யவும் அதே 60 நாள்தான். இரண்டையும் சேர்த்தே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் மாதச் சம்பளம் 2,000 வெள்ளி (ரிங்கிட்). என் பங்காகப் பிடித்தது 0.2 விழுக்காடு, ஏறக்குறைய 4 வெள்ளி. முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, ஏறக்குறைய 1,600 வெள்ளி, வங்கிக் கணக்கில் விழுந்தது. அன்றைக்கே வீட்டு வாடகையைக் கட்டினேன். இரண்டாம் மாதம் 50 விழுக்காடு, அடுத்த இரண்டு மாதம் 40, கடைசி இரண்டு மாதம் 30. வேலை தேடுவதையும் தவறாமல் காட்ட வேண்டும்.

போகும்போது அடையாள அட்டை, சம்பளச் சீட்டுகள், ஆட்குறைப்புக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். நான் கையெழுத்திடாத அந்தக் கடிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது, பென்சில் கோட்டோடு.