சாலைக்கு அடியிலா, மேலேயா? டொரண்டோ ‘பாத்’ நடைபாதையை நீட்ட இரண்டு வழிகள்

டொரண்டோ நகர மையத்தில் புதிய கோபுரம் கட்டுபவர் எவரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்தாக வேண்டும். கட்டடங்களை இணைத்தபடி எதிர்ச்சாரிக் கட்டடம் வரை வந்து நிற்கும் ‘பாத்’ என்ற மூடிய நடைபாதையோடு எப்படிச் சேர்வது: சாலைக்கு அடியில் சுரங்கம் வெட்டியா, சாலைக்கு மேலே மூடிய பாலம் போட்டா? 30 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்த நடைபாதையில் பெரும்பகுதி நிலத்தடியில்தான் ஓடுகிறது. அதனால் பலருக்கும் முதலில் தோன்றுவது சுரங்கம். யூனியன் ரயில் நிலையத்துக்குத் தெற்கே, ஏரிக்கரையை நோக்கி நீட்டுவதானால் பாலம்தான் சரி என்பது என் முடிவு. முப்பது வருடம் கழித்துக் கூரை ஒழுகினால் அதைத் திறந்து பார்க்க முடியுமா என்ற ஒரே கேள்வி அதைத் தீர்மானித்துவிடுகிறது.

மற்ற பொருத்தங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். மைனஸ் 20 டிகிரியில் குளிர்கோட்டு இல்லாமல் நடப்பது இரண்டிலும் நடக்கும். கடைகளுக்கு ஆள் வருவதும் அப்படியே. நடப்பவர்களைத் தெருவிலிருந்து பிரித்து, தெருவை வெறிச்சோட வைக்கிறது என்ற குறையும் இரண்டுக்கும் பொது. கல்கரி நகரில் கட்டடங்களை இணைக்கும் ‘பிளஸ் 15’ மூடிய பாலங்கள்மீதும் இதே புகார் நெடுநாளாக உண்டு. கட்டும் செலவில் சுரங்கமே கூடுதல், கட்டி முடிக்கும் காலமும் கூடுதல்.

சுரங்கத்தில் முதல் வேலை தேடுவது, தோண்டுவது அதற்குப் பிறகுதான். மையத் தெருக்கள் பலவற்றின் அகலம் 66 அடி, அதாவது சுமார் 20 மீட்டர். பழைய நில அளவைச் சங்கிலி ஒன்றின் நீளம் அது. அந்த 20 மீட்டருக்குள் குடிநீர், எரிவாயு, மின்கேபிள், தொலைபேசி, கழிவுநீர், ஏரியின் குளிரைக் கட்டடங்களுக்குக் கொண்டுபோகும் என்வேவ் நிறுவனத்தின் குழாய்கள் என எல்லாமே நெருக்கியடித்துக் கிடக்கின்றன. வரைபடம் காட்டும் இடத்தில்தான் குழாய் இருக்கும் என்று நம்பி இயந்திரத்தை இறக்கக் கூடாது. தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை உறிஞ்சும் வண்டியால் சோதனைக் குழிகள் போட்டு, ஒவ்வொன்றின் ஆழத்தையும் கண்ணால் கண்டு அளந்துகொள்ள வேண்டும். கேபிளை வளைக்கலாம், குடிநீர்க் குழாயைச் சுற்றிக் கொண்டுபோகலாம். கழிவுநீர்க் குழாயை மட்டும் ஏற்றவோ இறக்கவோ முடியாது, அது சரிவை நம்பி ஓடுவது. ஆகவே சுரங்கத்தின் மட்டத்தைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது சாக்கடைதான், கட்டடக் கலைஞர் அல்ல.

அந்த மட்டம் இரு பக்கத்து அடித்தளங்களோடும் ஒத்துப்போவது அரிது. 20-க்கு 1 என்ற சரிவைத் தாண்டினால் அது சாய்தளம் ஆகிவிடும், கைப்பிடியும் இடைமேடைகளும் வேண்டும். 20 மீட்டர் தெருவுக்கு அடியில் அந்தச் சரிவு முழுக்கப் பயன்பட்டாலும் சமாளிக்கக்கூடிய மட்ட வேறுபாடு 1 மீட்டர்தான். அதற்கு மேல் போனால் யாராவது ஒருவர் தன் கடைப் பரப்பை விட்டுக்கொடுத்துச் சாய்தளத்தைக் கட்டடத்துக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். பேச்சுவார்த்தை முறிவது இங்கேதான். முதல் கூட்டத்திலேயே இரு தரப்பின் தரைமட்ட அளவுகளையும் மேசையில் வைத்துவிடுவது நல்லது.

பிறகு கட்டுமானம். சாலையின் ஒரு பாதியை மூடி, இரு ஓரத்திலும் எஃகுத் தூண்களை இறக்கி, இடையில் பலகை அடைத்து, மேலே தற்காலிகத் தளம் போட்டுப் போக்குவரத்தைத் திறந்துவிட்டு, அடியில் தோண்டுவார்கள். அடுத்து மறு பாதி. மட்டக் கான்கிரீட், அதன்மேல் நீர்த்தடுப்புப் படலம், அடித்தளம், சுவர், கூரைத்தளம், கூரைமேல் மீண்டும் படலம், பாதுகாப்புப் பலகை, வடிகால் விரிப்பு, கடைசியில் மண் நிரப்பு.

யூனியனுக்குத் தெற்கே இந்த வரிசையில் இன்னொரு ஆபத்து சேர்கிறது. 19ஆம் நூற்றாண்டுக் கரை, நிலையத்தின் வடக்கு ஓரத்தில் ஓடும் ஃபிரண்ட் தெருவை ஒட்டி இருந்தது. அதற்குத் தெற்கே உள்ள நிலமெல்லாம் ஏரியை நிரப்பி உண்டாக்கியது. அங்கே நிலத்தடி நீர் ஏரியின் மட்டத்தைத் தொட்டே நிற்கும். 2017-லும் 2019-லும் ஒன்டாரியோ ஏரி உயர்ந்து டொரண்டோ தீவுகளின் பல பகுதிகளை மூழ்கடித்ததை நினைவில் வைக்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளே 6 மீட்டர் அகலம், 3.6 மீட்டர் உயரம், சுற்றிலும் 0.6 மீட்டர் கான்கிரீட் என்றால் வெளியளவு 7.2-க்கு 4.8. முழுக்க நீரில் மூழ்கினால் ஒரு மீட்டர் நீளத்துக்கு மேல்நோக்கிய உந்தல் சுமார் 34.5 டன், கான்கிரீட்டின் எடை சுமார் 31 டன். மேலே மண் ஏறும்வரை இந்தப் பெட்டி மிதக்கப் பார்க்கும்! எனவே மண் நிரப்பி முடியும்வரை நீரிறைக்கும் பம்புகளை ஒரு நாள் இரவுகூட நிறுத்தக் கூடாது. மாற்று ஜெனரேட்டர் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும் கூடாது.

இனி தீர்மானமான விஷயம், ஒழுகல்.

சுரங்கம் மூன்று இடங்களில் ஒழுகும். ஒன்று, அடித்தளமும் சுவரும் சேரும் வார்ப்பு இணைப்பு. இரண்டு, சுரங்கம் கட்டடத்தைத் தொடும் அசைவு இணைப்பு. கோபுரம் ஒரு விதமாக அமரும், சுரங்கம் வேறு விதமாக அமரும், இடையிலுள்ள ரப்பர் முத்திரை வருடாவருடம் இழுபட்டுச் சோர்ந்துபோகும். மூன்று, கூரைத்தளம்.

முதல் இரண்டுக்கும் உள்ளிருந்தே வைத்தியம் உண்டு. விரிசலின் ஓரத்தில் 45 டிகிரி சாய்வாகத் துளையிட வேண்டும், துளை சுவரின் நடுக்கனத்தில் விரிசலை வெட்ட வேண்டும். 200 முதல் 300 மில்லிமீட்டர் இடைவெளியில், ஒரு துளை இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிப் போட்டு, கீழிருந்து மேலாகப் பாலியூரித்தேன் பிசினைச் செலுத்துவார்கள். அடுத்த துளையில் பிசின் எட்டிப் பார்த்ததும் அங்கே நகர வேண்டும். நீர் நிற்கும். ஆனால் வெளியே அதன் அழுத்தம் குறையாததால் சில மாதங்களில் பக்கத்து விரிசலில் தலைகாட்டும். ஆகவே இது ஒருமுறைச் செலவு அன்று, பராமரிப்புக் கணக்கில் வருடந்தோறும் ஒரு வரியாக இருக்க வேண்டியது.

கூரைக்கு அந்த வழி போதாது. டொரண்டோவில் குளிர்காலம் முழுக்கத் தெருவில் உப்புத் தூவுகிறார்கள். உருகிய பனியோடு அது மண்ணுக்குள் இறங்கிக் கூரைத்தளத்தின் மேல் தேங்கும். படலம் நலமாக இருக்கும்வரை கவலை இல்லை, அதன் ஆயுளை 20 முதல் 30 வருடம் என்று எண்ணிக்கொள்ளலாம். அது சோர்ந்த பிறகு உப்புநீர் கான்கிரீட்டில் ஊறி மேல்வரிசைக் கம்பிகளைத் தின்னத் தொடங்கும். துரு இரும்பைவிடப் பருமனானது, கான்கிரீட்டை அடுக்காகப் பெயர்த்துவிடும். இதெல்லாம் நடப்பது தளத்தின் மேல்முகத்தில். கீழே நடப்பவருக்குத் தெரிவது அலங்காரக் கூரைப் பலகையில் ஒரு மஞ்சள் கறை. பலகையை மாற்றினால் கறை போய்விடும், அரிப்பு மேலே தொடர்ந்துகொண்டிருக்கும். கீழிருந்து பிசின் செலுத்தினால் சொட்டு நிற்கும், மேல் கம்பியைச் சூழ்ந்த உப்பு அங்கேயே கிடக்கும்.

படலத்தை மாற்ற வேண்டுமானால் முழுத் தெருவையும் தோண்ட வேண்டும். முதலில் செய்த அத்தனையையும், அதாவது சோதனைக் குழி, குழாய்களைத் தாங்கிப் பிடித்தல், பாதிப் பாதியாகச் சாலை மூடல் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். இத்தனையும் 150 சதுர மீட்டர்கூட இல்லாத ஒரு கூரைக்காக. படலத்தின் விலை இதில் சொற்பம், அதை அடைவதற்கான விலைதான் மலை.

பாலத்துக்கும் கூரை உண்டு, அதற்கும் படலம் உண்டு, அதுவும் அதே காலத்தில் சோர்ந்துபோகும். ஆனால் இரவில் ஒரு தடத்தை மூடி, தூக்கு மேடையில் ஆட்களை ஏற்றி, பழையதை உரித்துப் புதியதை ஒட்டிவிடலாம். குறை எங்கே என்று வெளியிலிருந்தே தெரியும். என் தராசில் மற்ற எல்லாவற்றையும் சேர்த்து வைத்தாலும் இதற்கு ஈடாகாது.

பாலத்தின் தொல்லைகள் வேறு ரகம். எஃகுச் சட்டகத்தைத் தொழிற்சாலையில் செய்து, வார இறுதியில் சாலையை மூடித் தூக்கி வைப்பார்கள். 40 மீட்டர் நீளச் சட்டகம் மைனஸ் 25-லிருந்து பிளஸ் 35 டிகிரி வரை சுமார் 29 மில்லிமீட்டர் நீளும். பிறகு உள்ளே வெப்பமூட்டினால் அசைவு குறையும் என்றாலும், கண்ணாடி ஏறும் முன் ஒரு குளிர்காலம் வெறும் எஃகாக நிற்கக்கூடும், அந்த முழு அளவுக்கே கணக்கிட வேண்டும். ஒரு முனை நிலையாக, மறுமுனை சறுக்குத் தாங்கியில். தரையின் அடிப்பக்கம் வெளிக்காற்றுக்குத் திறந்திருப்பதால் அங்கே வெப்பத்தடுப்பு கனமாக வேண்டும், கஞ்சத்தனம் செய்தால் தரை சில்லிட்டு, தீயணைப்புத் தெளிப்பான் குழாய் உறைந்து வெடிக்கும். கூரையில் சேரும் பனி கட்டியாகிக் கீழே நடப்பவர் தலையில் விழாதபடி தடுப்புக் கம்பிகளும் சூடேற்றும் கம்பியும் தேவை. கண்ணாடியில் பறவைகள் மோதாமலிருக்கப் புள்ளிகள் பதிக்க வேண்டும். மூடிய இரட்டைக் கண்ணாடிகள் 20, 25 வருடத்தில் உள்ளே பனித்துப் பார்வை மங்கும், ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம்.

பாலத்தின் உண்மையான பலவீனம் படியேற்றம். ‘பாத்’ தரைக்கு ஒரு தளம் கீழே, பாலம் தரைக்கு ஒரு தளம் மேலே. ஏறி இறங்க மின்படிகளும் லிஃப்டும் வேண்டும், அவை பழுதாகும். ஒரு முனையில் ஒரே லிஃப்ட் வைத்தால், அது நிற்கும் நாளில் சக்கர நாற்காலியில் வருபவருக்கு வழியே இல்லை. முனைக்கு இரண்டு லிஃப்ட் என்பதை விட்டுக்கொடுக்கவே கூடாது. இந்தப் பராமரிப்புச் செலவும் சிறிதல்ல. ஆனாலும் லிஃப்ட் உதிரிபாகம் சந்தையில் கிடைக்கும், அதற்காகத் தெருவைத் தோண்ட வேண்டியதில்லை.

பாலத்துக்கு ஆதரவான சான்றில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஸ்கோஷியாபேங்க் அரீனா விளையாட்டரங்கிலிருந்து ஒன் யார்க் ஸ்ட்ரீட் கட்டடம் வழியாக வாட்டர்பார்க் பிளேஸ் கட்டடம் நோக்கிப் போகும் பாலங்கள் புதியவை, முப்பது வருடத்தை எட்டவில்லை. 1970-இல் தொடங்கிய கல்கரி அனுபவம் நீண்டதுதான். ஆனால் அங்கே குளிர் வறண்டது, இங்கே ஏரிக்காற்றின் ஈரம் கூடவே வரும். கண்ணாடி முத்திரைகளின் ஆயுளை அங்கிருந்து அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, கொஞ்சம் குறைத்தே போட வேண்டும்.

ஃபிரண்ட் தெருவுக்கு வடக்கே என் வாதம் தளர்கிறது. அங்கே மண் இயற்கையானது, இரு பக்கமும் ஏற்கெனவே அடித்தளக் கடைகள் இருக்கின்றன, ரயிலிலிருந்து இறங்கும் கூட்டம் ஏறி இறங்காமல் நேரே நடந்துவிடலாம். யூனியனிலிருந்து யார்க் தெருவுக்கு அடியில் வெலிங்டன் தெரு வரை 2015-இல் திறந்த சுரங்கத்தை அங்கே பாலமாகக் கட்டச் சொல்லி எவரும் கேட்டிருக்க முடியாது. காலை நெரிசலை இரண்டு மின்படிகள் தாங்காது.

எதைத் தேர்ந்தாலும் கட்டடத்தோடு சேரும் இணைப்பு யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். ‘பாத்’தின் ஒவ்வொரு துண்டும் அந்தந்தக் கட்டட உரிமையாளருக்குச் சொந்தம், மொத்தம் 35 நிறுவனங்கள் அளவில் இருக்கின்றன. எல்லைக்கோடு அசைவு இணைப்பின் நடுவில் விழுந்தால், சொட்டும் நீருக்கு இருவருமே பொறுப்பேற்க மாட்டார்கள். இணைப்பும் அதன் இரு பக்கத்திலும் ஒரு மீட்டரும் ஒருவர் கணக்கிலேயே இருக்கட்டும்.

தெற்கே சுரங்கம்தான் தவிர்க்க முடியாதது என்றாகிவிட்டால், கூரையின் மேல்வரிசைக் கம்பியைத் துருப்பிடிக்காத எஃகில் கேளுங்கள். இணைப்புகளுக்கு நேர் கீழே அலங்காரக் கூரையில் திறக்கும் கதவு வையுங்கள். நீர்சேகரிப்புக் குழியில் மாறி மாறி ஓடும் இரண்டு பம்பும், மட்டம் ஏறினால் கத்தும் மணியும், மாற்று மின்சாரமும் வேண்டும். 2024 ஜூலை மழையில் யூனியன் நிலையத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. கூரைத்தளம் வார்க்கும் முன் மேல் கம்பிகளில் அரிப்பை உணரும் மின்முனைகளைக் கட்டி, அவற்றின் ஒயர்களைக் கீழே ஒரு பெட்டிக்கு இழுத்துவிடுங்கள். அந்த நாளில் விட்டுவிட்டால், பிறகு அவற்றை வைப்பதற்கும் தெருவைத்தான் தோண்ட வேண்டும்.