திருச்சியில் குடியிருப்பு: வாடகையை விடுங்கள், பாலத்தைப் பாருங்கள்

சென்னையை விட்டுவிட்டு நடுத்தரமான ஊர் ஒன்றுக்குப் போய்விடலாமா என்று யோசிக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது வாடகையைப் பற்றித்தான். அதைச் சொல்லிவிடுகிறேன். மேடவாக்கத்தில் நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கொடுத்தால் திருச்சியில் ஒரு அறை கூடுதலாக, கார் நிறுத்த இடத்தோடு வீடு கிடைத்தது. ஆனால் இங்கே நம் அன்றாடம் எப்படி அமையும் என்பது வாடகையில் இல்லை. வீடு எந்தப் பாலத்துக்கு எந்தப் பக்கம் என்பதில் இருக்கிறது.

மனைவிக்கு வங்கியில் மாறுதல் வந்ததால் 2021ல் வந்தோம். மென்பொருள் சோதனை வேலையில் இருக்கும் எனக்கு அப்போது முழுக்க வீட்டிலிருந்தே வேலை. அம்மாவுக்கு ஸ்ரீரங்கம்தான் வேண்டும் என்பதால் முதல் வீடு அங்கே. பிறகு கே.கே. நகர் பக்கம் மாறினோம். இரண்டும் ஒரே மாநகராட்சி, ஒரே பின்கோடு வரிசை. ஆனால் இரண்டு வெவ்வேறு ஊர்களில் இருந்த மாதிரி இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். முக்கொம்பில் காவிரியில் இருந்து கொள்ளிடம் பிரிகிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் தீவில் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும். காவிரிக்குத் தெற்கே மலைக்கோட்டை, சத்திரம் பேருந்து நிலையம், கடைவீதிகள், தில்லை நகர், உறையூர். அதற்கும் தெற்கே கன்டோன்மென்ட், மத்தியப் பேருந்து நிலையம், ரயில்வே ஜங்ஷன். அப்புறம் கே.கே. நகர், விமான நிலையம். கிழக்கே போனால் பொன்மலை, திருவெறும்பூர், பெல் (பி.எச்.இ.எல்.) தொழிற்சாலைக் குடியிருப்பு, துவாக்குடி. ஜங்ஷனில் இருந்து சென்னை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, திண்டுக்கல், கரூர் என்று ஐந்து பக்கமும் தண்டவாளம் ஓடுகிறது. அதனால் எங்கே போவதாக இருந்தாலும் ஒரு ஆற்றுப் பாலமோ ரயில் பாலமோ குறுக்கே வரும். வரைபடத்தில் நாலு கிலோமீட்டர் என்று காட்டும் இடம் காலை ஒன்பது மணிக்கு நாலு கிலோமீட்டராக இருக்காது.

இதை எங்களுக்குப் புரியவைத்தது காவிரிப் பாலம். சத்திரத்தையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கும் அந்தப் பாலம் 1976ல் கட்டியது. 2022 கடைசியில் மராமத்துக்காக மூடியவர்கள் 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். அந்த மாதங்களில் பஸ், கார் எல்லாம் சென்னை பைபாஸ் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போயின. மனைவியின் கிளை கன்டோன்மென்ட் பக்கம். அதுவரை அரை மணி நேரமாக இருந்த பயணம் ஒரு மணி நேரத்தைத் தொட்டது. மேடவாக்கத்தில் இருந்து கிண்டி போய் வந்தவருக்கு அது பெரிய விஷயம் இல்லைதான். ஆனால் அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதானே இங்கே வந்தோம்! இப்போது பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டுகிறார்கள். நாங்கள் அதற்குக் காத்திருக்கவில்லை, அடுத்த கோடை விடுமுறையில் வீட்டை மாற்றிக்கொண்டோம்.

அம்மாவுக்கு அதில் வருத்தம் உண்டு. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிகளும் உத்திர வீதிகளும் கோயிலைச் சுற்றிச் சதுரமாக ஓடுவதால் வயதானவர்கள் துணை இல்லாமல் நடந்து போய் வரலாம். மருந்துக்கடை, காய்க்கடை, சாத்தார வீதிப் பூக்கடை எல்லாம் நடந்து போகும் தூரம். வைகுண்ட ஏகாதசி சமயத்திலும் ஆடிப்பெருக்கு அன்றும் மட்டும் காரை வெளியே எடுக்கும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். போலீஸ் தடுப்புக்கு உள்ளே நாம், வெளியே உலகம். ஆனால் அங்கே வீடு தேடுவது வேறு அனுபவம். ஒரு வீட்டுக்காரர், என்ன வேலை, எத்தனை பேர் என்பதற்கெல்லாம் முன்னால், சைவமா என்று கேட்டார். அதற்கடுத்த கேள்வி இன்னும் நேரடியானது. அதை இங்கே எழுத வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். சென்னையிலும் இது உண்டு என்பார்கள். உண்டு, ஆனால் அங்கே அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். தீவில் தெருக்கள் குறைவு.

சரி, நல்லதைச் சொல்கிறேன். தண்ணீர். 2019 கோடையில் சென்னையில் லாரிக்காகக் குடத்தோடு நின்றவர்களுக்கு மட்டுமே இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். திருச்சி மாநகராட்சி காவிரி, கொள்ளிட ஆற்றுப் படுகைகளில் கிணறு இறக்கி, மணலுக்கு அடியில் ஊறும் நீரை எடுக்கிறது. கம்பரசம்பேட்டை நீரேற்று நிலையத்தைக் கரூர் சாலையில் போகும்போதே பார்க்கலாம். ஆறு மேலே வறண்டு கிடந்தாலும் அடியில் ஊற்று இருக்கும் என்பதால் கோடையிலும் குழாய் நிற்பதில்லை. அழுத்தம் குறையும், நேரம் மாறும், அவ்வளவுதான். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறோம், கேன் வாங்குவதை எப்போதோ நிறுத்தியாயிற்று. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: ஊரின் விளிம்பில் புதிதாக மனை போட்ட நகர்களில் காவிரிக் குழாய் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘வந்துவிடும்’ என்று புரோக்கர் சொன்னால் இப்போது வரவில்லை என்று பொருள். போர் தண்ணீர் சில இடங்களில் உப்பு.

தண்ணீரின் மறுபக்கம் மழைக்காலம். ஊருக்குள் கோரையாறு, குடமுருட்டி, சோழர் காலத்து உய்யக்கொண்டான் வாய்க்கால் எல்லாம் ஓடுகின்றன. 2005 வெள்ளத்தைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். நாங்கள் வந்த 2021 நவம்பரிலேயே கருமண்டபம், உறையூர் பக்கத்துத் தாழ்வான நகர்களில் தண்ணீர் புகுந்தது. வீடு பார்க்கும்போது வீட்டுக்காரரிடம் வெள்ளம் வந்ததா என்று கேட்டால் பயனில்லை. தெருமுனை இஸ்திரிக் கடைக்காரரிடம் கேளுங்கள். எந்தச் சுவரில் எதுவரை ஏறியது என்று கையால் காட்டுவார்.

வெயிலைப் பற்றி எச்சரிக்காமல் இருக்க முடியாது. சென்னையில் சாயங்காலம் கடற்காற்று வரும். இங்கே வராது. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே இல்லை. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை நள்ளிரவிலும் அனலாக இருக்கும். ஜூன் பாதியில் மேற்கே இருந்து காற்று கிளம்பியதும்தான் மூச்சு விட முடிகிறது. அந்தக் காற்று ஆடி முழுக்க நீடித்து, துணி காயப் போட்டால் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும். மேல்மாடி வீடு வாடகை குறைவு என்று ஆசைப்பட்டு எடுக்காதீர்கள்.

போக்குவரத்தில் திருச்சிக்கு ஒரு தனிக்குணம் உண்டு: தனியார் டவுன் பஸ். சத்திரத்துக்கும் மத்தியப் பேருந்து நிலையத்துக்கும் நடுவே ஒன்றன் பின் ஒன்றாக, பாட்டும் ஹாரனுமாகப் பறக்கும். நிறுத்தத்தில் காத்திருக்கும் நேரம் சென்னையைவிடக் குறைவு என்பது உண்மை. ஏறியபின் கம்பியை விட்டுவிடக் கூடாது என்பதும் உண்மை. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அரசு நகரப் பேருந்தில்தான், இதில் இல்லை. முக்கியத் தடங்களை விட்டு உள்ளே போனால் பஸ் குறைந்துவிடும். ஆட்டோவில் மீட்டர் என்ற பேச்சே கிடையாது. ஆகவே டூ வீலர் இல்லாமல் இந்த ஊரில் குடும்பம் நடத்துவது சிரமம். எங்கள் வீட்டில் இரண்டு இருக்கிறது.

2025 ஜூலையில் இருந்து வெளியூர்ப் பேருந்துகள் பஞ்சப்பூர் முனையத்துக்குப் போய்விட்டன. மதுரை சாலையில், ஊரின் தெற்கு ஓரம். கட்டிடம் நன்றாக இருக்கிறது, விசாலம், சுத்தம். எங்களுக்கு அது பரவாயில்லை. ஸ்ரீரங்கத்தில் இருந்து மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ போகிறவருக்கு முதலில் ஊரையே குறுக்கே கடக்கும் ஒரு டவுன் பஸ் பயணம் சேர்ந்துவிட்டது. மறுபடியும் அதே கேள்விதான், வீடு எந்தப் பக்கம்?

ரயிலில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, டிக்கெட் கிடைப்பதைத் தவிர. என் அலுவலகம் இப்போது மாதத்தில் சில நாட்கள் நேரில் வரச் சொல்கிறது. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் இரவு ஏறிப் படுத்தால் விடியும்போது சென்னை. பகலில் பல்லவன் இருக்கிறது, வைகை இருக்கிறது, வசதி வேண்டுமென்றால் வந்தே பாரத் நாலு மணி நேரத்தில் கொண்டுபோய் விடுகிறது. விமான நிலையம் ஒரு வேடிக்கை. 2024ல் புது முனையம் திறந்தார்கள், கோபுரமும் ஓவியமுமாகப் பளபளக்கிறது. அதில் உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள்தான் அதிகம். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேராகப் பறக்கலாம். வடஇந்தியாவின் பெரும்பாலான ஊர்களுக்குப் போவதென்றால் சென்னையோ பெங்களூரோ சுற்ற வேண்டும்.

வேலை. இங்கே குரலைக் கொஞ்சம் தாழ்த்தித்தான் பேச வேண்டியிருக்கிறது. பெல், துப்பாக்கித் தொழிற்சாலை, பொன்மலை ரயில்வே பணிமனை, என்.ஐ.டி. என்று பெயர் சொல்ல நிறைய உண்டு. ஆனால் அவை எல்லாம் பரீட்சை எழுதி நுழையும் இடங்கள். துவாக்குடி சுற்றியுள்ள சின்னப் பட்டறைகள் பெல் கொடுக்கும் ஆர்டரை நம்பியவை. ஆர்டர் குறைந்தால் அங்கே விளக்கு அணையும். நவல்பட்டில் எல்காட் ஐ.டி. பூங்கா இருக்கிறது. ஆனால் என் அனுபவத்துக்கு ஏற்ற வேலையை அங்கே தேடிப் பார்த்தபோது, இருந்த ஒன்றிரண்டும் சம்பளத்தில் பாதியாக இருந்தன. வேலையைக் கையோடு கொண்டுவருகிறவருக்குத் திருச்சி நல்ல ஊர். இங்கே வந்து தேடிக்கொள்ளலாம் என்கிறவர், குறிப்பாக என் துறைக்காரர், வண்டியில் சாமான் ஏற்றும் முன் இன்னொரு தடவை யோசிக்கட்டும்.

மருத்துவம் பற்றிப் பெரிய கவலை வேண்டாம். புத்தூரில் ஜி.ஹெச். இருக்கிறது, தில்லை நகர் குறுக்குத் தெருக்களில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு மருத்துவமனை வாசலில்தான் விழுவோம். அம்மாவின் கண் அறுவை இங்கேயே முடிந்தது. பள்ளிகள் போதுமான அளவு உண்டு.

சாப்பாட்டில் இந்த ஊருக்குப் பழசு நன்றாக வரும், புதுசு சுமாராக வரும். திருவானைக்காவல் பார்த்தசாரதி விலாஸில் நெய் ரோஸ்ட்டுக்கு நின்று காத்திருப்பது அலுக்கவே இல்லை. மெயின் கார்டு கேட் அருகே மைக்கேல் கடை ஐஸ்கிரீம், பெரிய தரம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கடைவீதி போனால் கை தானாக நீளும். வாழைக்காக ஒரு தேசிய ஆராய்ச்சி மையமே இங்கே இருக்கும்போது பழத்துக்குக் குறை இருக்குமா? பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி என்று தெருவண்டியிலேயே தாராகத் தொங்கும். காந்தி மார்க்கெட் காய் விலை சென்னையில் இருந்து வருகிறவர்களைத் திகைக்க வைக்கும். அந்த மார்க்கெட்டின் சேறும் நெரிசலும் அதே அளவு திகைக்க வைக்கும். கள்ளிக்குடியில் புது வளாகம் கட்டி 2017ல் திறந்தும் வியாபாரிகள் அங்கே நகரவில்லை.

சாயங்காலங்களில் என்ன செய்வது என்று என் மைத்துனன் கேட்டான். அவனுக்கு மால் வேண்டும், அது இங்கே பெயரளவுக்குத்தான். எங்களுக்கு முக்கொம்பு, கல்லணை, ரசிக ரஞ்சன சபாவில் எப்போதாவது ஒரு நாடகம், டி.வி. இதுவே போதும் என்கிற வயது வந்துவிட்டது. இருபத்தைந்து வயதில் வந்திருந்தால் நான் ஆறு மாதத்தில் ஓடியிருப்பேன்.

வீடு வாங்கவில்லையா என்று இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். சிங்கப்பூர், வளைகுடாப் பணம் பல வருடங்களாக மனையில் இறங்கியதில், கே.கே. நகர் பக்கம் கேட்கும் விலைக்கும் அதே வீட்டுக்குக் கிடைக்கும் வாடகைக்கும் சம்பந்தமே இல்லை. பால்பண்ணையில் இருந்து துவாக்குடி வரை தஞ்சாவூர் நெடுஞ்சாலையை ஒட்டி அணுகுசாலை போடுங்கள் என்று அந்தப் பக்கத்து மக்கள் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அது வந்தால் திருவெறும்பூர் பக்கம் பார்க்கலாம் என்பது மனைவியின் கணக்கு. புதுப் பாலம் முடிந்ததும் ஸ்ரீரங்கத்துக்கே திரும்பிவிடலாம் என்பது அம்மாவின் கணக்கு. இப்போதைக்கு வாடகை வீட்டு ஒப்பந்தத்தைப் பதினோரு மாதத்துக்குப் புதுப்பித்திருக்கிறோம்.