வேலூரில் செகண்ட் ஹேண்ட் டர்போ கார் வாங்கப் போகிறீர்களா? டெஸ்ட் டிரைவ் ரூட்டை யார்டுக்காரர் கையில் விடாதீர்கள்

ஹைவே ஓரமாக யார்டு வைத்திருக்கும் ஒரு பழைய கார் வியாபாரியிடம் காட்பாடிக்காரர் ஒருவர் டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக் வாங்கி மாட்டிக்கொண்டிருக்கிறார். 7 கியர் டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் (இரண்டு கிளட்ச்சை வண்டியே மாற்றி மாற்றி இயக்கிக் கியர் போடும்), ஆயிலில் மூழ்காத டிரை கிளட்ச் வகை, 16 அங்குல அலாய் வீல். விவகாரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதால் யார்டின் பெயரை எழுதவில்லை. ஏமாற்றிய விதம் மட்டும் எல்லோருக்கும் தெரிய வேண்டும், ஏனென்றால் இதே வேலையை எந்த யார்டிலும் செய்யலாம்.

பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போனபோது வண்டி ஏற்கெனவே ஸ்டார்ட்டில், ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சேல்ஸ்மேன் பக்கத்து சீட்டில் ஏறி, சர்வீஸ் ரோட்டிலிருந்து நேராக ஹைவேக்குக் கூட்டிப்போய், ஒரு யூ டர்ன் போட வைத்துத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். பிக்கப் அருமை, கியர் மாறுவதே தெரியவில்லை. அங்கேயே டோக்கன் அட்வான்ஸ் கைமாறிவிட்டது. வண்டி வீட்டுக்கு வந்த முதல் வாரமே, சாயங்கால நெரிசலில் காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது உடம்பு உதறுவதுபோல் வண்டி உதறியது. டிஸ்ப்ளேயில் கியர் எழுத்து விட்டுவிட்டு மின்ன, ரேஸ் கொடுத்தும் நகரவில்லை. ஆஃப் செய்து ஆறவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் கிளட்ச், கியர் கன்ட்ரோல் யூனிட் இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்த எஸ்டிமேட் இரண்டு லட்சத்தைத் தொடுகிறது. யார்டில் கேட்டால், "இந்த மாதிரி வண்டியில அது நார்மல் சார்."

நார்மல் கிடையாது. டூயல் கிளட்ச் வண்டியில் கிளட்ச் தேய்வதும் சூடாவதும் நின்று கிளம்பும்போதும் ஊர்ந்து போகும்போதும்தான். ஓரளவு வேகம் எடுத்ததும் கிளட்ச் முழுதாகப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் தேய்ந்த கிளட்ச்சும் புதுசு மாதிரியே இருக்கும். டிரை கிளட்ச்சில் சூட்டை எடுத்துப்போக ஆயில் கிடையாது. மே மாத வேலூர் வெயிலில், ஏசி போட்டு, நெரிசலில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊர்ந்தால்தான் உள்ளே இருக்கிற கோளாறு வெளியே வரும். ஹைவேக்கு மட்டும் கூட்டிப்போனதன் காரணம் இதுதான்.

அதனால் ரூட்டை நீங்கள் சொல்லுங்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் கிரீன் சர்க்கிளில் ஆரம்பித்து, பாலாற்றுப் பாலம், விருதம்பட்டு, சித்தூர் பஸ் ஸ்டாண்ட், ரயில்வே மேம்பாலம் என்று ஓட்டினால் போதும். மேம்பால ஏற்றத்தில் வண்டி நின்றதும் பிரேக்கை விட்டு மெதுவாக ரேஸ் கொடுங்கள். பின்னால் சரிவதும், சீட்டில் அதிர்வு தெரிவதும், ஃபர்ஸ்டிலிருந்து செகண்டுக்கு மாறும்போது 'டக்' என்று இடிப்பதும் கிளட்ச் முடிந்துகொண்டிருப்பதன் அறிகுறி. காலையில் முதல் தடவை நகரும்போது வரும் லேசான தயக்கத்தை விட்டுவிடலாம், சூடானபின் வரும் உதறலை விடக்கூடாது. தட்டையான இடத்தில் D போட்டு பிரேக்கை மட்டும் விட்டால் வண்டி தானாக, உதறாமல் ஊர வேண்டும். டி-யிலிருந்து ஆர்-க்கு நான்கைந்து தடவை மாற்றிப் பாருங்கள், ஒவ்வொரு தடவையும் தாமதம் கூடிக்கொண்டே போனால் அந்த வண்டி வேண்டாம்.

அதற்கு முன்னால் கோல்டு ஸ்டார்ட். "வண்டியைத் தொடாதீங்க, நான் வந்துதான் ஸ்டார்ட் பண்ணுவேன்" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சுட்டால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் டைமிங் செயின் சத்தமும், டர்போ ஆயில் சீல் போனால் வரும் நீலப் புகையும் தெரியும். டர்போவுக்கு இன்னொரு சோதனை: காலியான ரோட்டில் மேனுவல் மோடில் மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து முழு ரேஸ். இழுவை ஒரே சீராக ஏற வேண்டும். இடையில் தொய்ந்தாலோ 'உஸ்' என்று காற்றுச் சத்தம் கேட்டாலோ இன்டர்கூலர் (டர்போ அழுத்தும் காற்றை ஆறவைக்கும் பாகம்) ஹோஸைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

காட்பாடிக்காரர் வண்டியில் அசல் தில்லுமுல்லு ஸ்கேனரில்தான் பிடிபட்டது. வண்டியின் கம்ப்யூட்டர் கோளாறு வந்தால் பதிந்துவைக்கும் பழைய எரர் கோடுகளை அழித்துவிட்டுத்தான் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கோடு அழித்தபின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை ஓபிடி ஸ்கேனர் (காரின் ஓபிடி போர்ட்டில் செருகி அதன் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) காட்டும். அந்த எண்ணிக்கை, வண்டி யார்டிலிருந்து வந்தபின் ஓடிய தூரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ப்ளூடூத் ஸ்கேனரும் போனில் ஒரு ஆப்பும் இருந்தால் யார்டிலேயே இதைப் பார்த்துவிடலாம். வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொண்ட நிலையைக் காட்டும் 'ரெடினெஸ்' பக்கத்தில் பல சோதனைகள் முடியவில்லை என்று காட்டினாலும் அர்த்தம் அதுதான், பேட்டரியைக் கழற்றியோ ஸ்கேனர் வைத்தோ சமீபத்தில் அழித்திருக்கிறார்கள். கியர்பாக்ஸ் கோடுகளை மலிவு ஸ்கேனர் முழுசாகப் படிக்காது, அதற்குத் தெரிந்த கார் எலெக்ட்ரீஷியனைக் கூட்டிப்போவது நல்லது.

ஸ்போர்ட்ஸ் ரக வண்டிகளை இளைஞர்கள் சும்மா விடுவதில்லை. எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி (ரீமேப்) டார்க்கை, அதாவது இழுவிசையை, ஏற்றி ஓட்டிவிட்டு, விற்கும்போது பழைய மேப்பைத் திரும்பப் போட்டுவிடுவார்கள். கம்பெனி கணக்கைவிட அதிகமாகத் தாங்கிய கிளட்ச் மட்டும் தேய்ந்தது தேய்ந்தபடியே இருக்கும். எக்ஸாஸ்ட் பைப்பில் புது வெல்டிங், ஏர் ஃபில்டர் பெட்டி கிளிப்பில் உடைசல், முன் சஸ்பென்ஷன் மேல் நட்டில் ஸ்பேனர் கீறல், முன் டயர் உள்பக்க ஓரம் மட்டும் தேய்ந்திருப்பது, இவையெல்லாம் வண்டியை இப்படி மாற்றியமைத்து ஓட்டியதன் தடயங்கள். டயர் பக்கவாட்டில் DOT வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள்: 3219 என்றால் 2019-ல் 32-வது வாரம் தயாரானது. 20,000 கி.மீ. ஓடியதாக மீட்டர் சொல்லும் வண்டியில், கார் தயாரான வருஷத்தைவிட மிகவும் புதிய டயர் நாலும் இருந்தால் மீட்டரைக் கேள்வி கேளுங்கள். ஃபெண்டர், பானட் போல்ட்டுகளில் பெயின்ட் உடைந்திருந்தால் டிங்கரிங் நடந்திருக்கிறது. இக்னிஷன் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம்.

இனி பேப்பர். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் மத்திய மோட்டார் வாகன விதிப்படி பழைய கார் டீலர் ஆர்டிஓவிடம் அங்கீகாரம் வாங்கியிருக்க வேண்டும், அது ஃபார்ம் 29பி. ஓனர் வண்டியை டீலரிடம் ஒப்படைத்ததைத் தெரிவிப்பது ஃபார்ம் 29சி. இரண்டையும் கேளுங்கள். டெஸ்ட் டிரைவில் யாராவது வந்து இடித்தால் யார் பொறுப்பு என்பதற்கும் இதுதான் ஆதாரம், கூடவே இன்ஷூரன்ஸ் தேதியையும் பாருங்கள். பெங்களூரிலிருந்து வந்த கேஏ வண்டி என்றால் பழைய ஆர்டிஓவின் ஆட்சேபணையில்லாச் சான்று, அதாவது என்ஓசி (ஃபார்ம் 28), கையில் வராமல் பணம் முழுதாகக் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டு ரோடு டாக்ஸை யார் கட்டுவது என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

காட்பாடிக்காரரின் ரசீதில் கீழே சின்ன எழுத்தில் "உள்ளது உள்ளபடி" என்று அச்சடித்திருக்கிறார்கள். அதைக் காட்டித்தான் யார்டு கைவிரிக்கிறது. தெரிந்தே மறைத்த கோளாறுக்கு அந்த ஒரு வரி கவசமாகிவிடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. ஏற்கெனவே மாட்டியவர்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேதியோடு பிரின்ட் எடுங்கள், யார்டு அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ், விளம்பரப் படங்களை அழிக்காதீர்கள். ரிப்போர்ட் கைக்கு வரும்வரை எந்த மெக்கானிக்கையும் கோடு அழிக்க விடாதீர்கள்.