இடது கண்ணுக்கு ஆபரேஷன், வலது கண்ணுக்குச் சுடுதுண்டு

நான் தையல்காரி. திண்டுக்கல்லில் வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறேன். போன ஆடியில், ஆவணி முகூர்த்தத்துக்கான ஒரு பட்டு ரவிக்கையைக் குனிந்து தைத்துக்கொண்டிருந்தபோது இடது கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. காய்ந்ததும் வட்டமாகக் கறை. சேலையோடு வந்த துணி அது. அதே அரக்கு நிறம் தேடி மூன்று கடை ஏறி இறங்கினேன்.

அதற்கு முன்பே ஒரு வருஷமாக இரண்டு கண்ணிலும் நீர் வடிந்துகொண்டுதான் இருந்தது. அளவு கொடுக்க வருகிறவர்கள் எல்லாரும் "என்னக்கா, அழுதீங்களா?" என்று கேட்பார்கள். நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றினேன். கண்ணாடிக் கடையில் பவரை மாற்றிக் கொடுத்தார்கள். மெடிக்கலில் கேட்டு ஒரு சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விட்டேன். கொஞ்சம் குறையும், மறுபடி வடியும்.

கடைசியில் மதுரையில் ஒரு பெரிய கண் மருத்துவமனைக்குப் போனேன். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயர் போடவில்லை.

காலை ஏழரைக்குச் சீட்டுப் போட்டு, டாக்டரம்மாவைப் பார்த்தபோது மணி இரண்டு. நடுவில் நான்கு இடத்தில் உட்கார வைத்தார்கள், ஏன் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மா டார்ச்சைக்கூட எடுக்காமல், முதலில் இடது கண்ணின் மூக்கோரத்தை ஒரு விரலால் அமுக்கினார். கண் மூலையிலிருந்து மஞ்சளாகச் சீழ் வந்தது. "இதை இத்தனை நாளா யாரும் அமுக்கிப் பார்க்கலையாம்மா?" என்றார். பையிலிருந்த சொட்டு மருந்துப் புட்டியை வாங்கிப் பார்த்தவர் திட்டவே செய்தார். அது ஸ்டீராய்டாம். கேட்காமல் விட்டுக்கொண்டே இருந்தால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிடுமாம்.

அப்புறம் சிரிஞ்சிங். மரத்துப்போக மருந்து விட்டு, முனை மழுங்கிய வளைந்த ஊசியால் இமையோரத் துளை வழியாக உப்புத் தண்ணீரைச் செலுத்தினார்கள். வலது கண்ணில் செலுத்தியபோது தொண்டையில் உப்புக் கரித்தது, சிரித்துவிட்டேன். இடது கண்ணில் செலுத்தியது அப்படியே கன்னத்தில் திரும்பி வழிந்தது. கண்ணின் உள்மூலையில் மேலிமை, கீழிமை இரண்டிலும் ஒவ்வொரு துளை இருக்கிறதாம். கண்ணீர் அதில் இறங்கி, ஒரு சின்னப் பைக்குப் போய், எலும்புக்குள் ஓடும் குழாய் வழியாக மூக்கில் விழுகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது அதனால்தானாம். பெண்களுக்கு அந்தக் குழாய் குறுகல், நாற்பதுக்கு மேல் அடைப்பு வருவது அதிகம் என்றார். என் மாமியாருக்குப் புரை ஆபரேஷனுக்கு முன்னால் இதே சோதனையைச் செய்தார்கள். பையில் சீழ் இருந்தால் கிருமி ஆபரேஷன் செய்த கண்ணுக்குள் போய்விடுமே.

சரி, வலது பக்கம் குழாய் திறந்துதான் இருக்கிறது, அங்கே ஏன் வடிகிறது? மஞ்சள் சாயம் விட்டு, சிமிட்டாதீர்கள் என்று சொல்லி, நீல வெளிச்சத்தில் எண்ணினார். பத்து நொடியாவது நிற்க வேண்டிய கண்ணீர்ப் படலம் நான்கு நொடியில் கிழிந்துவிட்டது. உலர்ந்த கண் என்றார். நான் நம்பவில்லை. கண் காய்ந்து உறுத்தும்போது அதைத் தணிக்கத் தண்ணீர் மொத்தமாகச் சுரந்து வழிகிறது, ஊசியையே பார்த்துக்கொண்டு நீங்கள் சிமிட்ட மறந்துவிடுகிறீர்கள் என்று விளக்கினார். ஆக, எனக்கு ஒரே வடிசலுக்கு இரண்டு நோய். இரண்டுக்கும் ஒரே புட்டியிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன்!

இடது கண்ணுக்கு முதலில் சீழ் அடங்க மாத்திரை, பிறகு டி.சி.ஆர். ஆபரேஷன். பைக்கும் மூக்குக்கும் நடுவிலுள்ள எலும்பில் துளை போட்டுப் புது வழி விடுவது. மூக்குக்குள்ளிருந்து கேமரா வைத்தும் செய்கிறார்கள். எனக்கு வெளியிலிருந்து, மூக்கோரத்தில் கீறிச் செய்தார்கள். மரத்துப்போகும் ஊசிதான், வலி இல்லை, ஆனால் சத்தம் கேட்கும். கொட்டைப்பாக்கைக் கடிக்கிற சத்தம், அதுவும் நம் முகத்துக்குள். கட்டுப் பிரித்ததும் கண்ணாடியில் முதலில் தையலைத்தான் பார்த்தேன். ஐந்து தையல், ஒரே இடைவெளி. நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. அறை வாடகையோடு 20,000 ரூபாய்க்குள் முடிந்தது.

வீட்டுக்கு அனுப்பிய விதம்தான் மோசம். மூக்கைச் சிந்தக் கூடாது என்பது கொடுத்த தாளில் ஆங்கிலத்தில் இருந்திருக்கிறது. மூன்றாம் நாள் தெரியாமல் சிந்தி, ரத்தம் வந்து, பதறிப்போய்ப் போன் அடித்தால் யாரும் எடுக்கவில்லை. புது வழி மூடிக்கொள்ளாமல் இருக்க ஆபரேஷனில் வைத்திருந்த சிலிக்கான் குழாயை ஆறு வாரம் கழித்து ஒரு நிமிஷத்தில் உருவினார்கள். அதற்கப்புறம் மூக்கைச் சிந்தினால் கண் மூலையில் புஸ்ஸென்று காற்று வருகிறது. புது வழி திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளமாம். முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஒரு ராத்திரி தூக்கம் மிச்சமாகியிருக்கும்.

இடது கண் இப்போது சுத்தம். வலது கண் பாதிதான் சரியாகியிருக்கிறது. காலையில் சுடுதுண்டு ஒற்றுகிறேன், ஒரு நாளைக்கு நாலு தடவை கண்ணை ஈரமாக வைக்கும் சொட்டு மருந்து விடுகிறேன், பாபின் மாற்றும்போதெல்லாம் கண்ணை மூடித் திறக்கிறேன்.

டாக்டருக்கு ஐந்துக்கு ஐந்து. வரவேற்பு மேசைக்கு ஒன்றரை. போகிறவர்கள் மதியச் சாப்பாடும், விட்டுக்கொண்டிருக்கிற சொட்டு மருந்துப் புட்டியும், ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒருவரும் கூட இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.