கதைக்கும் வில்லங்கம் உண்டு: முன்பண ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போகும் உதவி இயக்குநர்களுக்கு

சென்ற மாதம், முன்பு என்னோடு ஒரே படத்தில் பணியாற்றிய தம்பி ஒருவர், தமக்கு முதல் படம் கிடைத்துவிட்டதாகவும் வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போவதாகவும் மகிழ்ச்சியோடு சொன்னார். அந்த ஒப்பந்தத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிப் படித்துப் பார்த்தேன். நிறுவனத்தின் பெயர் எனக்குப் புதியது. ஆனால் கதை உரிமையைப் பற்றிய அதன் பதினோராவது பத்தி, 2021 ஆகஸ்டில் நான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பதினோராவது பத்தியேதான். ஒரு சொல்கூட மாறவில்லை. அந்தப் பத்தியால் நான் இழந்ததை விவரமாகச் சொல்லிவிடுவதே முறை என்று கருதி இதை எழுதுகிறேன்.

இரண்டு இயக்குநர்களிடம் ஏழு ஆண்டுகள் உதவி இயக்குநராக இருந்த பிறகு, தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி நான் எழுதிய கதை அது. சாலிகிராமத்தில் நான்கு பேர் தங்கியிருந்த அறையில் எழுதி, பவுண்ட் ஸ்கிரிப்ட்டாக, அதாவது முழுத் திரைக்கதைத் தொகுப்பாக முடித்து, திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிந்தும் வைத்திருந்தேன். 2018-இல் 'சர்கார்' படக் கதை தொடர்பாக எழுந்த பிரச்சினையில், அது தம் கதை என்று உரிமை கோரிய வருண் ராஜேந்திரன் 2007-லேயே சங்கத்தில் பதிந்திருந்த கதை அவருக்குத் துணை நின்றதையும், அது சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்ததையும் எங்கள் அறையில் எல்லோரும் அறிந்திருந்தோம். ஆகவே, பதிந்துவிட்டோம், இனி நம் கதை பத்திரம் என்று முழுமையாக நம்பினேன். பதிவு என்பது இந்தத் தேதியில் இந்தக் கதை என்னிடம் இருந்தது என்பதற்குச் சான்று மட்டுமே. வேறொருவர் திருடினால் அது உதவும். நானே கையெழுத்திட்டு உரிமையைக் கொடுத்துவிட்டால் அது எதற்கும் உதவாது. இந்த வேறுபாடு அன்று எனக்குத் தெரியவில்லை.

வளசரவாக்கத்தில் இருந்த அந்த நிறுவனத்துக்கு ஒரு மேலாளர் வழியாகச் சென்றேன். மூன்று மணி நேரம் கதை கேட்டார்கள். தயாரிப்பாளர் கண் கலங்கினார். மறு வாரமே 25,000 ரூபாய் முன்பணமும், ஆங்கிலத்தில் எட்டுப் பக்க ஒப்பந்தமும் மேசைமேல் இருந்தன. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்றேன். "தம்பி, இது எல்லாருக்கும் போடுற பேப்பர்தான். நல்ல நேரம் முடியப்போகுது, கையெழுத்தைப் போடுங்க" என்றார் மேலாளர். தயாரிப்பாளரின் தாயார் தாம்பூலத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். நான் கையெழுத்திட்டேன்.

அதன்பின் பத்தொன்பது மாதங்கள் டிஸ்கஷன் என்ற கதை விவாதம் நடந்தது. கதாநாயகனுக்காக ஒரு முறையும், பைனான்சியருக்காக ஒரு முறையும், யாரோ ஒரு நண்பரின் யோசனைக்காக ஒரு முறையும் திரைக்கதையைத் திருத்தி எழுதினேன். அந்த உழைப்புக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. உப்பளத்தில் மழைக்காலத்தில் உற்பத்தி இருக்காது என்பதால், பொங்கலுக்குப் பிறகு தொடங்கிக் கோடைக்குள் படப்பிடிப்பை முடித்தாக வேண்டும் என்று எடுத்துச் சொன்னேன். இரண்டு பருவங்கள் வீணாயின. முள்ளக்காட்டுக்கும் ஆறுமுகநேரிக்கும் லொகேஷன் பார்க்கச் சென்ற செலவு என்னுடையது. வவுச்சர்களை வாங்கி வைத்துக்கொண்டார்களே தவிர, பணம் தரவில்லை. என்னை நம்பி வந்த இரண்டு உதவி இயக்குநர்களுக்குத் தினப்படியான பேட்டாவைக் கொடுக்காமல் இழுத்தடித்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலித்தது. அந்த 38,000 ரூபாயைப் பிறகு நான் சிறிது சிறிதாகக் கொடுத்துத் தீர்த்தேன்.

இதற்கிடையில் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் என் எண்ணைத் தேடிப் பிடித்து, படம் எப்போது தொடங்கும் என்று தொலைபேசியில் கேட்டார். என் பவுண்ட் ஸ்கிரிப்ட்டைக் காட்டித்தான் அவரிடம் முதலீடு வாங்கியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. படம் எடுக்கும் எண்ணமே அவர்களுக்கு இருந்திருக்கவில்லை என்று நான் நினைக்கிறேன். கையில் ஒரு கதையும், அதற்கு ஓர் இயக்குநரும், சுவரில் ஒரு முதல் பார்வைப் படமும் இருந்தால் போதும், பணம் புரட்டலாம் என்பதே அவர்கள் கணக்காக இருந்திருக்க வேண்டும்.

2023 மார்ச்சில் வேறொரு தயாரிப்பாளர் இதே கதையை எடுக்க முன்வந்தார். நேர்மையான மனிதர், முதலில் கேட்டதே, முந்தைய நிறுவனத்திடமிருந்து தடையில்லாச் சான்று இருக்கிறதா என்பதுதான். நிலம் வாங்குபவர் வில்லங்கச் சான்றிதழ் பார்ப்பதைப் போல, கதை வாங்குபவரும் இந்தச் சான்றைப் பார்க்கிறார். நான் வளசரவாக்கத்துக்குப் போய்க் கேட்டபோது, என் முன்பணத்தோடு அலுவலக வாடகை, சாப்பாட்டுச் செலவு, வடிவமைப்பாளர் கூலி எல்லாவற்றையும் சேர்த்து 7,40,000 ரூபாய் கொடுத்தால்தான் என்.ஓ.சி. என்ற அந்தத் தடையில்லாச் சான்றைத் தருவோம் என்றார்கள்.

அப்போதுதான் ஒரு வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தைக் காட்டினேன். பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 19(4) பிரிவின்படி, உரிமையைப் பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை மாற்றம் காலாவதியாகிவிடும். எத்தனை ஆண்டுகளுக்கு என்று எழுதப்படாவிட்டால், 19(5) பிரிவின்படி ஐந்து ஆண்டுகள் என்று கொள்ளப்படும். என்னைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்ட பாதுகாப்புகள் இவை. ஆனால் ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் குறிப்பிடப்பட்டிருந்தால் இவை உதவ மாட்டா. பதினோராவது பத்தி அதைத்தான் செய்திருந்தது: உரிமை நிரந்தரமானது, 19(4) பிரிவு இந்த ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது, உரிமை பயன்படுத்தப்படாமல் இருந்தாலும் அது எழுத்தாளரிடம் திரும்பாது. பதினான்காவது பத்தி, கதை கைமாறினால் நிறுவனத்தின் செலவு முழுவதையும் நான் ஈடுசெய்ய வேண்டும் என்றது. செலவுக்கு உச்சவரம்பு எதுவும் இல்லை. வழக்குத் தொடுக்க வழியிருக்கிறது, ஆனால் ஆண்டுக்கணக்கில் ஆகும் என்று வழக்கறிஞர் சொன்னார்.

புதிய தயாரிப்பாளர் இரண்டு மாதங்கள் காத்திருந்துவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பதினொரு மாதப் பேச்சுவார்த்தைக்குப் பின், 1,50,000 ரூபாய் கடன் வாங்கிக் கொடுத்து, என் கதையை நானே மீட்டேன்.

ஆகவே அந்தத் தம்பிக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். ஒப்பந்தத்தை ஒரு நாளாவது வீட்டுக்குக் கொண்டுவந்து, பதிப்புரிமை தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். அதற்கு ஆகும் கட்டணம் வீண் செலவு அல்ல. சங்கப் பதிவோடு நில்லாமல், 500 ரூபாய் செலுத்திப் பதிப்புரிமை அலுவலகத்திலும் திரைக்கதையைப் பதிந்துவிடுங்கள். 19(4) என்ற எண் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அது பொருந்தாது என்று எழுதியிருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக, பன்னிரண்டு மாதங்களுக்குள் படப்பிடிப்பு தொடங்காவிட்டால் உரிமை தானாகவே எழுத்தாளருக்குத் திரும்பும், பெற்ற முன்பணத்தைத் தவிர வேறு எதையும் அவர் திருப்பித் தர வேண்டியதில்லை என்ற இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். உண்மையாகவே படம் எடுக்கப் போகிறவருக்கு இந்த வரிகளால் எந்த நட்டமும் இல்லை.

தம்பி அந்த இரண்டு வரிகளை எழுதிக்கொண்டு போனார். நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை, முன்பணத்தையும் தரவில்லை. வெள்ளிக்கிழமை கடந்துவிட்டது. வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருந்த பட வாய்ப்பு என்னால் கைநழுவியதாக அவருக்கு என்மேல் வருத்தம் இருக்கிறது. இரண்டு வாரங்களாக என் அழைப்பை எடுப்பதில்லை. அந்தப் பதினோராவது பத்தியைப் பெயர்கள் நீக்கிப் படியெடுத்து வைத்திருக்கிறேன். கையெழுத்திடும் நிலையில் இருப்பவர்கள் கேட்டால் அனுப்பிவைக்கிறேன்.